கீழ்வரிசைக் கோரைப்பல்

பெயிண்டர் துள்ளி எழுந்த வேகத்தைப் பார்த்து, நாற்காலியில் ஆணி கீணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து தேடினார் அவருடைய மச்சான்.

ஆணி இல்லை. வெறும் காற்று. கார் கதவு ஒன்றில் படிந்திருந்த தூசியை மச்சான் கம்ப்ரசர் குழாயால் ஊதிக்கொண்டிருந்தார். அதில் ஒரு கீற்று கதவில் மோதித் திரும்பி, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பெயிண்டரின் வாய்க்குள் நுழைந்துவிட்டது. கீழ்வரிசையில் வலது பக்கக் கோரைப்பல்லில் ஒரு மின்னல் வெட்டியது. தாடை வழியாகக் காதுக்கு ஏறி, காதிலிருந்து உச்சந்தலைக்குப் போய், அங்கே ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் இறங்கியது.

"என்ன மாப்ள?"

"பல்லு கூசுது மச்சான்."

"கூச்சமா? கல்யாணத்தன்னைக்குக்கூட உங்ககிட்ட நான் பார்க்காத ஐட்டமாச்சே அது."

பெயிண்டர் சிரிக்கவில்லை. சிரித்தால் உதடு விலகும். உதடு விலகினால் காற்று படும். அந்தக் கணக்கெல்லாம் இப்போது அவருக்கு அத்துப்படி.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். டிங்கர் வேலையில் புலி. நசுங்கி வந்த வண்டியை அவர் தட்டி நிமிர்த்துவார். இவர் மேடு பள்ளம் தெரியாமல் பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துப் புதுசு மாதிரி அனுப்பிவைப்பார். பல வருஷமாக ஒரே ஷெட், ஒரே கல்லாப்பெட்டி, ஓயாத வாய்ச்சண்டை. இப்போது மட்டும் பெயிண்டருக்கு ஷெட்டின் வாசலில் ஒரு நாற்காலி. உள்ளே தின்னர் வாசனையில் நிற்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கலக்கிய நிறம் சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதோடு அவர் வேலை முடிந்தது.

தொண்டையோரம் ஒரு கட்டி. கெட்ட கட்டி. அதற்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் காலையில் போய், முகத்தில் வலை மாதிரி ஒரு முகமூடியை மாட்டி, தலையைப் பலகையோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டு, அசையாமல் படுத்துவிட்டு வர வேண்டும். வண்டியில் பெயிண்ட் படக் கூடாத இடத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியே பழகிய மனிதர், முதல் நாள் அந்த முகமூடியைப் பார்த்ததும், பரவாயில்லையே, இவர்களும் நம்ம ஜாதிதான் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

ஆனால் கரண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே அவரைப் பல் டாக்டரிடம் அனுப்பியதுதான் அவருக்குப் புரியாத முதல் விஷயம். கட்டி தொண்டையில், ஆள் பல் நாற்காலியில்! பேனட்டில் அடி வாங்கிய வண்டிக்கு டிக்கியைத் திறந்து பார்ப்பார்களா?

பார்ப்போம் என்றார் அந்தப் பல் டாக்டரம்மா. அவர் பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. கரண்ட் பட்டால் எச்சில் சுரப்பது வற்றிப்போகும். எச்சில்தான் பல்லுக்குக் காவல். காவல்காரன் போய்விட்டால் நல்ல பல்லும் மளமளவென்று சொத்தையாகும். சரி, சொத்தையானால் பிடுங்கிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. கரண்ட் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு; பிடுங்கிய புண் ஆறாமல் எலும்பே கெட்டுப்போகலாம். அதனால் ஆடிக்கொண்டிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களை முன்கூட்டியே எடுத்துவிட்டு, அந்தப் புண் ஆறும்வரை காத்திருந்து, பிறகுதான் கரண்டுக்கு அனுமதி கொடுத்தார்.

"மிச்சம் இருக்கறதெல்லாம் கடைசி வரைக்கும் உங்ககூட இருக்கணும். மாத்த முடியாது, எடுக்கவும் முடியாது. ஞாபகம் வெச்சுக்கங்க."

மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் அளவெடுத்து, கண்ணாடி போன்ற இரண்டு ட்ரே செய்து கொடுத்தார். சாயங்காலம் சாப்பிட்டுப் பல் துலக்கியதும், ட்ரேயில் ஃப்ளோரைடு ஜெல்லைத் தடவிப் பல்லில் மாட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் துப்பிவிட வேண்டும். அதன்பிறகு வாய் கொப்பளிக்கக் கூடாது. அரை மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது.

பெயிண்டர் ஒரு நாள் தவறவில்லை. சாப்பாட்டைத் தவறவிட்டார், தூக்கத்தைத் தவறவிட்டார். ஜெல்லை மட்டும் விடவில்லை.

அப்படியும் கூசுகிறது. முதலில் குளிர்ந்த தண்ணீருக்கு. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீருக்கு. இப்போது காற்றுக்கே. என்னதான் நடக்கிறது வாய்க்குள்?

ஒரு வண்டியில் பெயிண்ட் கொப்புளம் போட்டுவிட்டால் பெயிண்டர் அதை விடமாட்டார். தின்னரில் கலப்படமா, பட்டியில் ஈரமா, வண்டிக்காரர் எரிக்கும் வெயிலில் நிறுத்திவைத்தாரா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார். அதே மாதிரி இந்த வழக்கையும் விசாரிப்பது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தே முடிவு செய்தார்.

முதல் சந்தேகம் மனைவிமேல் விழுந்தது.

அந்தப் பெண்மணியின் நிலைமை அதைவிடக் குழப்பம். ஆஸ்பத்திரி நடையில் எதிரும் புதிருமாக இரண்டு அறைகள். இந்தப் பக்கம் பல் டாக்டர். அந்தப் பக்கம் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்கிற டாக்டர். அவருக்குப் பெயிண்டர் வைத்த பெயர் சாப்பாட்டு டாக்டர். எடை இறங்கவே கூடாது, இறங்கினால் முகமூடி தொளதொளவென்று ஆகிவிடும், அளவெடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும், அதனால் பாலில் சத்து மாவும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள் என்றார் அவர். பல் டாக்டரோ சர்க்கரை என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுளித்தார். இரண்டு கதவுக்கும் நடுவே நின்று கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, புருஷன் உயிரா பல்லா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, சர்க்கரை பக்கம் சாய்ந்திருந்தாள் மனைவி.

"பாலைக் குடுத்தே பல்லைக் காலி பண்ணிட்ட," என்று அன்று மத்தியானம் ஆரம்பித்தார் பெயிண்டர்.

மனைவி டம்ளரை ஆற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னாள்.

"பால் குடிக்கலைன்னா மூக்குல குழாய் விடுவோம்னு சொல்லிருக்காங்க. குழாய் வேணுமா, பல்லு வேணுமா? ஏதாவது ஒண்ணை நீங்களே சொல்லிடுங்க. நான் அதைச் செஞ்சுட்டுப் போறேன்."

பெயிண்டர் டம்ளரை வாங்கிக்கொண்டார். ஆனால் மனைவி சும்மா இருக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு டாக்டரையும் பல் டாக்டரையும் ஒரே நேரத்தில் நடைக்கு வரவழைத்து, நீங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், அதுவரை நான் இங்கேயே நிற்கிறேன் என்று நின்றுவிட்டாள். முடிவு வந்தது. சர்க்கரைக்குப் பதில் வெண்ணெய், முட்டை, அரைத்த கடலை. பாலை நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருக்காமல் ஒரே மூச்சில் குடிப்பது. குடித்ததும் உப்பும் சமையல் சோடாவும் கரைத்த தண்ணீரில் கொப்பளிப்பது. அன்றிலிருந்து வீட்டுச் சர்க்கரை டப்பா பீரோவுக்குக் குடிபோனது. ஒவ்வொரு கொப்பளிப்புக்கும் மனைவி ஜெயில் வார்டன் மாதிரி பக்கத்தில் நின்றாள்.

கூச்சம் குறையவில்லை. கூடியது.

ஆக, மனைவி நிரபராதி. அதை அவர் வாயால் சொல்லவில்லை. டம்ளரைத் தானே கழுவி வைத்தார். அவர் வீட்டில் அதற்கு அதுதான் அர்த்தம். மனைவியும் புரிந்துகொண்டாள், சரியாகக் கழுவவில்லை என்று இன்னொரு தடவை கழுவினாள்.

இரண்டாவது சந்தேகம் மெஷின்மேல். முகமூடி மாட்டிவிடுகிற இளைஞனைப் பெயிண்டர் மடக்கினார். கரண்டை ஒரு புள்ளி கூட்டி வைக்கிறீர்களா, பல்லை நேராக அடிக்கிறதா, உருக்குகிறதா என்று குறுக்கு விசாரணை நடந்தது. அவன் பொறுமையாகப் பதில் சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தாடையில் படத்தான் செய்கிறது. ஆனால் இவ்வளவு சீக்கிரம் இப்படிக் கூசுவதை அவனும் அதிகம் பார்த்ததில்லை. ஜெல் ஒழுங்காக வைக்கிறீர்களா என்று கடைசியில் அவன் கேட்டதும் பெயிண்டருக்குச் சுருக்கென்றது. விசாரிக்க வந்தவரையே விசாரிப்பதா?

ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஜெல்.

மூன்றாவது குற்றவாளி அதுவாக இருக்கலாமே!

ஷெட்டுக்குப் போனதும் ஒரு தகரத் துண்டை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். பாதித் தகரத்தை அப்படியே பளபளவென்று விட்டார். மீதிப் பாதியை வாட்டர் பேப்பரால், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளால், லேசாகத் தேய்த்தார். இரண்டு பக்கமும் ஜெல்லைத் தடவி வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து விரலால் இழுத்துப் பார்த்தார். பளபளப்பான பக்கத்தில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. தேய்த்த பக்கத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்ன மாப்ள, பல்லுக்குப் பதிலா தகரம் கட்டிக்கலாம்னு ஐடியாவா?" என்றார் மச்சான்.

பெயிண்டர் காதில் அது விழவில்லை. மர்மம் விலகிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. ஜெல்லும் குற்றவாளி இல்லை. தளம்தான் பிரச்சினை. தளம் இன்னும் சரியாகத் தயாராகவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் நாளிலிருந்தே பெயிண்டர் ஒரு வேலை செய்துவந்தார். யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜெல்லைப் பற்றி டாக்டரம்மா சொன்னபோதே அவருக்கு அது என்னவென்று பிடிபட்டுவிட்டது. மேலே தடவ வேண்டும், அப்புறம் தண்ணீர் படக் கூடாது, அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும் என்றால் அது என்ன? கோட்டிங். காய்கிற நேரத்தைக்கூடத் துல்லியமாகச் சொல்லிவிட்டார்கள். தன் தொழிலில் கோட்டிங்குக்கு ஒரே சட்டம்தான் உண்டு: வழவழப்பான இடத்தில் எதுவும் நிற்காது, முதலில் தேய்த்துச் சொரசொரப்பு ஏற்ற வேண்டும். டாக்டர்கள் அதைச் சொல்லவில்லை. அவர்களுக்கென்ன தெரியும், படித்தவர்கள், அவசரத்தில் விட்டிருப்பார்கள். தெரிந்தவன் செய்துகொள்ள வேண்டியதுதானே!

இருப்பதிலேயே மிருதுவான வாட்டர் பேப்பரில் புதுத் தாள் ஒன்று எடுத்தார். வண்டியில் கடைசிப் பளபளப்புக்குத் தொடுவது; குழந்தை கன்னத்தில் இழுத்தால்கூடக் கீறாது என்று சத்தியம் செய்வார். அதை வெந்நீரில் போட்டு எடுத்து, விரல் நகம் அகலத்துக்கு நறுக்கி, ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, கரண்ட் பட்டுப் புண்ணாகியிருந்த ஈறுமேல் மெல்லிய துணிப் பட்டையை மடித்துச் செருகுவார். மாஸ்கிங். பக்கத்து இடத்தில் கை படக் கூடாதல்லவா? அப்புறம் ஒவ்வொரு பல்லாக, ஈறோரம் வரை, ஒரே திசையில், அழுத்தாமல், நிதானமாக ஒரு தேய்ப்பு. பிறகு ஜெல். பல் துலக்கவே இவ்வளவு நேரமா என்று வெளியிலிருந்து மனைவி கேட்பாள். வேலை சுத்தமாக இருக்க வேண்டாமா என்று இவர் உள்ளிருந்து பதில் சொல்வார்.

கூச்சம் ஆரம்பித்தபோதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கூசுகிறது என்றால் கோட்டிங் பிடிக்கவில்லை. கோட்டிங் பிடிக்கவில்லை என்றால் தேய்ப்பு போதவில்லை. இப்போது தகரமும் சாட்சி சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் ஒரு நம்பர் இறங்கினார். இன்னும் கொஞ்சம் முரட்டுத் தாள்.

அந்த வாரம் நரகம். பாலை ஆறவைத்துக் குடித்தாலும் மின்னல். வாய் திறந்து பேசினாலும் மின்னல். மெஷின் அறையின் குளிரூட்டி தன்னைக் குறிவைத்தே ஊதுவது போல் இருந்தது. சாப்பாடு பாதியானது. முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே இலேசாக இடைவெளி தெரிகிறது, இன்னும் இளைத்தால் நிறுத்தி வேறு செய்ய வேண்டும் என்று அந்த இளைஞன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பெயிண்டர் மேலும் கவனமாக, மேலும் அக்கறையாகத் தேய்த்தார்.

பிறகு ஒரு சாயங்காலம், கீழ்வரிசைக் கோரைப்பல்லில் ஈறோரம் விரலை வைத்தபோது நகம் மாட்டியது. அங்கே ஒரு சின்னப் பள்ளம்.

 பெயிண்டர் தாளைக் கீழே வைத்தார். பள்ளம் என்றால் சொத்தை. சொத்தை என்றால் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் எலும்பு. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் எப்படி? கண்ணாடியில் தெரிந்த ஆளிடம் கேட்டார். அந்த ஆளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் கரண்ட் முடிந்த கையோடு மனைவியையும் இழுத்துக்கொண்டு பல் டாக்டர் அறைக்குள் போனார். உட்காருவதற்கு முன்பே ஜெல் குழாயை மேஜைமேல் வைத்து, இது டூப்ளிகேட் சரக்கு, சோதனைக்கு அனுப்புங்கள் என்று புகார் கொடுத்தார்.

டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் முகத்திலும் குழப்பம் ஏறியது. பல் துலக்குகிறீர்களா? ரொம்ப நன்றாக. மிருதுவான பிரஷ்தானே? நீங்கள் கொடுத்ததுதான். ஜெல்? ஒரு நாள் விட்டதில்லை. சர்க்கரை? பீரோவில். புளிப்பு? வாந்தி? கிடையாது, கிடையாது. எல்லாப் பதிலும் சரி. ஆனால் பற்கள் அப்படிச் சொல்லவில்லை.

"கரண்ட் வெச்சவங்களுக்குச் சொத்தை வந்தா பழுப்பா, மெத்துன்னு வரும். இது அப்படி இல்லையே. எல்லாப் பல்லுலயும் ஒரே அளவா, கோடு போட்ட மாதிரி தேஞ்சிருக்கு. இவ்வளவு அழகா எதுவும் தானா தேயாது."

அழகா என்ற வார்த்தையில் பெயிண்டருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அது ஏன் வந்தது என்று புரியாமல் அதை அடக்கிக்கொண்டார்.

டாக்டர் சற்று யோசித்தார். பிறகு நாற்காலியை நிமிர்த்தினார்.

"சாயங்காலம் வீட்ல என்ன பண்றீங்களோ, அதை ஆரம்பத்துலேருந்து இங்க பண்ணிக் காட்டுங்க."

அதற்கென்ன! பையிலிருந்து டப்பாவை எடுத்தார் பெயிண்டர். வெளியூர் வேலைக்குப் போகிறவன் சாமான் இல்லாமல் போவானா? துணிப் பட்டையை மடித்து ஈறுமேல் செருகினார். நறுக்கிய தாளில் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். கருஞ்சாம்பல் நிறத்தில் அது விரல்மேல் வாகாக வளைந்து உட்கார்ந்தது. கோரைப்பல்லை நோக்கிக் கை போனது.

டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இறுக்கமாக.

 மனைவி எழுந்து வந்து, டப்பாவுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். டிங்கரின் தங்கை, பெயிண்டரின் பெண்டாட்டி. அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வண்டிக் கதவுன்னு நெனச்சிட்டீங்களா?" என்று கேட்டாள், மெதுவாக.

வாயிலிருந்து துணியை உருவினார் பெயிண்டர்.

"கதவா இருந்தா கவலையே இல்லையே. வேற ஒண்ணு வாங்கி மாட்டிருப்பேன். இதை மாத்த முடியாதுன்னு சொன்னாங்க. அதான் அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேச்சேன்."

சிரிப்பதா, திட்டுவதா என்று டாக்டருக்கும் தெரியவில்லை போலிருந்தது. இரண்டும் செய்யவில்லை. தாள்களைத் தன் மேஜை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார். பிறகு சொன்னார். பல்லுக்குமேலே கடினமாக ஒரு ஓடு உண்டு. அது போனால் போனதுதான், வளராது. ஈறோரம் அது ரொம்ப மெல்லிசு. பெயிண்டர் தினமும் உரித்தது அந்த ஓட்டைத்தான். அதற்குக் கீழே உயிர் ஓடுகிற இடம். காற்று பட்டால் மின்னல் வெட்டாமல் என்ன செய்யும்?

பெயிண்டர் காதில் பாதிதான் விழுந்தது. அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று.

"இந்தப் பல்லைப் பிடுங்கணுமா?"

 டாக்டர் அவரைப் படுக்கச் சொல்லி, மெல்லிய கம்பி ஒன்றால் அந்தப் பள்ளத்தைத் தொட்டார். மின்னல். பெயிண்டர் நாற்காலியின் கைப்பிடியை நெரித்தார். அதைவிட, கம்பி எங்கே இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதில்தான் அவர் உயிர் நின்றது. படம் எடுத்தார்கள். கரண்ட் டாக்டரிடம் போனில் பேசினார்கள். எதிரும் புதிருமாக வார்த்தைகள் பறந்தன. வேர் வரை போயிருந்தால் என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்து முடியாமல் நின்றது. மனைவி தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

போகவில்லை. பள்ளம் ஆழமில்லை. சிமெண்ட் வைத்து அடைத்தால் பல் நிற்கும்.

பெயிண்டருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பல்லில் பட்டு இன்னொரு மின்னல். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

அடைக்கிற வேலை உடனே தொடங்கியது. அப்போது டாக்டர், தனக்கு உதவும் பெண்ணிடம் இயல்பாக ஒன்று சொன்னார்.

"முதல்ல அந்த ஆசிட்டைக் குடு. லேசா தடவிக் கழுவினாத்தான் சிமெண்ட் பிடிக்கும்."

பெயிண்டரின் கண்கள் விரிந்தன. ஆசிட்டா? தளம் தயார் பண்ணுகிறார்களா? அப்படியானால்? வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயும் பஞ்சும் இருந்ததால் கேள்வி தொண்டையிலேயே நின்றது. கையைத் தூக்கினார். வலிக்கிறதா என்றார் டாக்டர். இல்லை என்று தலையாட்டினார். அப்படியானால் கையை இறக்குங்கள் என்றார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

எல்லாம் முடிந்து பஞ்சு வெளியே வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டார்.

"நான் செஞ்சா தப்பு, நீங்க செஞ்சா சரியா டாக்டரம்மா?"

"சிமெண்ட் பல்லுமேல நிக்கணும், அதுக்குப் பிடிப்பு வேணும். அதுவும் எவ்வளவுன்னு அளவு இருக்கு, அதை நான் பார்த்துக்கறேன். ஜெல் பல்லுமேல நிக்கறதுக்காக இல்லை. உள்ள எறங்கறதுக்கு. வழவழன்னு இருக்கற பல்லுலயே எறங்கும்."

"எறங்கினது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தொட்டுப் பார்த்தா?"

"தெரியாது."

"அப்போ வேலை நல்லா ஆகியிருக்குன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"பல்லு இருந்த இடத்துலயே இருந்தா ஆகியிருக்குன்னு அர்த்தம்."

இப்படி ஒரு வேலையைப் பெயிண்டர் தன் ஆயுளில் கேள்விப்பட்டதில்லை. கண்ணுக்குத் தெரியாத, கைக்கு அகப்படாத, காயாத, உரியாத கோட்டிங். கோட்டிங்கே இல்லையாம். பின்னே என்ன? வீடு போகும்வரை மனைவியிடம் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் புரியவில்லை, புரியாவிட்டாலும் பரவாயில்லை, கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்றாள்.

விஷயம் தெரிந்ததும் மச்சான் ஷெட்டே அதிரச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போய், கம்ப்ரசரை ஷெட்டின் அந்தக் கோடிக்கு நகர்த்தி வைத்தார். வாட்டர் பேப்பர் அலமாரிக்குப் பூட்டு போட்டுச் சாவியைத் தங்கையிடம் கொடுத்தார்.

பெயிண்டர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். முகமூடியை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. கரண்டும் ஒருவழியாக முடிந்தது. தொண்டைப் புண் ஆறிவந்த சமயத்தில் பல் டாக்டர் கூப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பல்லிலும் காற்றை ஊதினார். கோரைப்பல்லுக்கு வந்ததும் பெயிண்டர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.

"கூசுதா?"

மின்னலுக்காகக் காத்திருந்தார். என்னவோ வந்தது. வந்ததா, வரும் என்று பயந்ததா?

"தெரியல டாக்டரம்மா."

"அப்படின்னா தேவலை," என்றார் டாக்டர். "ஜெல்லை மட்டும் விட்டுடாதீங்க. எச்சில் பழையபடி ஊறும்னு உறுதியா சொல்ல முடியாது. இது ஆயுசுக்கும்."

ஆயுசுக்குமா?

அன்று சாயங்காலமும் பெயிண்டர் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்றார். கதவைச் சாத்த இப்போது அனுமதியில்லை. மனைவி வெளியே காய் நறுக்கிக்கொண்டே ஒரு கண்ணை இந்தப் பக்கம் வைத்திருந்தாள். மிருதுவான பிரஷ்ஷால் துலக்கினார். உதட்டை விலக்கிப் பார்த்தார். கோரைப்பல் வழவழவென்று ஈரமாக மின்னியது.  ஷெட்டில் இந்த மாதிரித் தளத்தில் எவனாவது வேலையை ஆரம்பித்தால், அவரே அடித்துத் துரத்தியிருப்பார்.

ஆள்காட்டி விரல் தானாக எழுந்து பல்லுக்குப் போனது. வெறும் விரல்தான். தேய்க்கப் போவதில்லை, எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்.

வெளியே கத்திச் சத்தம் நின்றது.

விரலை எடுத்துவிட்டார். ட்ரேயில் ஜெல்லைத் தடவி, மேலும் கீழும் மாட்டிக்கொண்டு, கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிடித்திருக்கிறதா, இறங்குகிறதா, ஒன்றும் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் வாய் நிறைய ட்ரே. நாக்கு மட்டும் உள்ளே அங்குமிங்கும் துழாவியது. கைகள் சும்மா இருக்க மறுத்தன. பெயிண்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.